வில்லையின் வெள்ளைப் பக்கம்

பதினெட்டு வருஷம் நான் ஆட்களை மலைமேல் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட நான் போனதில்லை. கீல்கோ என்கிற எங்கள் ஊரில் மொத்தம் முந்நூறு பேர் இருக்கிறோம். முந்நூறு பேருக்கும் இது தெரியும். ஆனால் யாரும் என் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். என் வாய் அப்படிப்பட்டது.

பிலாங்கோ எரிமலை எங்கள் வீட்டு அடுப்பங்கரை ஜன்னலிலேயே நிற்கிறது. உச்சியில் எப்போதும் கொஞ்சம் புகை இருக்கும். அதன் மடியில்தான் எங்கள் பனிச்சறுக்கு கிளப். கிளப் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு சமையலறை, ஓர் இழுவை, அவ்வளவுதான். பெரிய ஊர்களில் கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து மலையேறுவார்களாம். எங்கள் வடத்தில் தொங்குவது வெறும் கட்டை. அதைத் தொடைக்குப் பின்னால் கொடுத்துக்கொண்டு, காலில் மாட்டிய ஸ்கீ பலகைகளில் நின்றால் அது இழுத்துப் போகும். உட்காரக் கூடாது. தலைநகர் சந்தியாகோவிலிருந்து வருகிறவர்கள் முதல் தடவை கட்டாயம் உட்காருவார்கள், கட்டாயம் விழுவார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி நாங்கள் தூக்கிவிடுவோம். சிரிப்பதெல்லாம் அவர்கள் போன பிறகுதான்.

என்னை உறுத்திக்கொண்டே இருந்தது ஒரே விஷயம்தான், இறங்கி வருகிறவர்களின் முகம். ஒரு தடவை ஒரு வங்கி மேலாளர் வந்தார். காலையில் என்னிடம் ரொட்டி ஆறிப்போயிருக்கிறது என்று சண்டை போட்ட மனிதர். மத்தியானம் இறங்கி வந்து சூப் வாங்கினார், குடிக்க மறந்து நின்றார். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை என்றார். அப்படி எத்தனையோ பேர். வாயாடிகள் ஊமையாகி வருவார்கள். காசு கொடுத்துக் குளிர் வாங்குகிறவர்களுக்கு மூளை கொஞ்சம் உறைந்துதான் போகும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் ஏன் போகவில்லை என்றால், எங்கள் பெவென்சே இனத்து ஆட்களிடம் ஒரு சொல் உண்டு. மரங்கள் முடிகிற இடத்துக்கு மேலே மலைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அவரிடம் கேட்க ஒன்று இருந்தால் போ, கொடுக்க ஒன்று இருந்தால் போ, சும்மா போகாதே. யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் நான் இதைத்தான் சொல்வேன். உண்மை அதில் பாதிதான். மீதிப் பாதி வீம்பு. பதினெட்டு வருஷம் எல்லோரையும் கேலி பேசிவிட்டு எந்த முகத்தோடு நான் அந்தக் கட்டையைப் பிடிப்பேன்?

என் வேலை சமையலும் ஆணிப் பலகையும். எஞ்சின் என் கணவன் நிபால்தோவின் வேலை. ஆணிப் பலகை என்பது சமையலறைச் சுவரில் இருக்கும் ஒரு பலகை. அதில் அறுபது ஆணி, ஆணிக்கு ஒரு தகர வில்லை. வில்லையில் எண் இருக்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளை. வருகிற ஆளுக்கு ஓர் எண் கொடுப்போம், அவர் எடுக்கும் ஸ்கீயிலும் அதே எண்தான். மேலே போகும்போது தன் வில்லையைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுப் போக வேண்டும், நாள் முடிந்ததும் வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். ஒரு சிவப்பு இருந்தாலும் மலையில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம், எஞ்சினை நிறுத்தக் கூடாது. எல்லாம் வெள்ளையானால் நாள் முடிந்தது.

இதில் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. யாராவது திருப்ப மறந்து வீட்டுக்குப் போய்விட்டால், பார்த்தவர் திருப்பிவிடுவார். "உன் வில்லையைத் திருப்பிட்டேன்" என்பது எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கட்டு விறகு போட்ட மாதிரி. யார் எப்போது போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எந்த இருமல் யாருடையது என்றுகூடத் தெரியும். அதனால் இந்தப் பழக்கத்தால் ஒரு நாளும் தப்பு நேர்ந்ததில்லை. வெளியூர்க்காரர்களுக்கும் அப்படியே செய்ய ஆரம்பித்தோம், அதுதான் வினை.

அந்த ஜூலை மாதம், எங்கள் நடுக்குளிர்காலத்தில், ஃபெர்மின் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், சந்தியாகோக்காரன். யாருக்கும் தெரியாத பனிச்சறுக்கு மலைகளைத் தேடிப் போய்ப் பத்திரிகையில் எழுதுகிறவனாம். எங்களுடையது அவன் பட்டியலில் ஏழாவது. யாருக்கும் தெரியாததாமே, அப்படியென்றால் நாங்கள் முந்நூறு பேர் யாரும் இல்லையா என்று கேட்டேன். அவன் குறிப்பேட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டான். தலைநகரத்துக்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிற எந்தப் பெண்ணும் அத்தைதான். என்னையும் வந்த நிமிஷமே அத்தை என்றான். பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குக் கட்டும் சங்கிலி இல்லாமல் கார் ஓட்டி வந்திருக்கிறான். அதைக் கீழே ஊரிலேயே விட்டுவிட்டு, மற்றவர்களோடு ஹசிந்தோவின் லாரியில்தான் மேலே வந்தான். ஹசிந்தோ எங்கள் காவல்காரன். நாள் முடிவில் கடைசியாகச் சறுக்கி இறங்கி, பாதை முழுக்கப் பார்த்து, ஆள் விடுபடவில்லை என்று சொல்ல வேண்டியவன்.

ஃபெர்மின் கொட்டகையில் தன் தோல் ஷூவைக் கழற்றினான், பூட்ஸ் மாட்டினான், பதினான்காம் எண் ஸ்கீயை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது வில்லையை ஒழுங்காகச் சிவப்புக்குத் திருப்பினான். அதைச் சொல்லத்தான் வேண்டும். அவன் பக்கம் ஒரு பிழையும் இல்லை.

மூன்று மணிக்கு மேகம் இறங்கியது. மூன்றரைக்கு ஓர் அம்மாள் மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இருப்பது ஒரே லாரி. மேகம் வந்துவிட்டதால் மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். லாரியில் எள் விழ இடமில்லை. ஹசிந்தோ புறப்படும்போது, கடைசிச் சுற்றுக்கு ஆறு மணிக்குள் வந்துவிடுகிறேன், பலகை வெள்ளையாகும்வரை எஞ்சினை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நான் பலகையைப் பார்த்தேன். அன்று கொடுத்த இருபத்துமூன்று வில்லையில் ஒன்றே ஒன்று சிவப்பு. பதினான்கு. ஸ்கீ தாங்கியைப் பார்த்தேன். பதினான்காம் எண் ஸ்கீ துடைத்து வைத்த மாதிரி அதன் இடத்தில் நிற்கிறது. ஆள் லாரியில் ஏறிப் போய்விட்டான், குறிப்பேட்டில் எழுதுகிற அவசரத்தில் வில்லையை மறந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். மாவுக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு திருப்பினேன். வெளியே எட்டிப் பார்த்து நிபால்தோவிடம் எல்லாம் வெள்ளை என்று கத்தினேன். எஞ்சின் நின்றது.

எஞ்சின் நின்றால் மலையில் ஒரு நிசப்தம் வரும். ஒரு நாளில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான். அன்றும் பிடித்தது. பூசணி மாவில் நாலு சோபைபியா அப்பம் தட்டிப் பொரித்தேன். நிபால்தோ உள்ளே வந்து கையைச் சூடு காட்டினான். இரண்டு பேரும் சூடாக மாத்தே இலைத் தேநீர் குடித்தோம். பிறகு கொட்டகையைக் கூட்டப் போனேன். பெஞ்சுக்கு அடியில் துடைப்பம் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தேன்.

ஒரு ஜோடி தோல் ஷூ. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி வைத்த காலுறை. கிளப் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இந்தக் குளிரில் வெறுங்காலோடு எவனும் லாரி ஏற மாட்டான்.

"கிழவா, அந்தப் பத்திரிகைக்காரன் ஸ்கீய எப்பத் திருப்பிக் குடுத்தான்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணிக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒத்தப் பலகை, அந்த ஸ்னோபோர்டு கேட்டான், குடுத்தேன். மூணே காலுக்குக் கடைசியா நான்தானே அவன மேல ஏத்திவிட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "பலகை வெள்ளைன்னு நீதானே சொன்னே?"

"நான்தான் திருப்பினேன்."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மணி நாலு இருபது. ஐந்தரைக்குச் சூரியன் விழும். விழுந்த அரை மணியில் மேலே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகைக்குப் போய்விடும். அவன் போட்டிருந்தது நகரத்தில் போடுகிற மெல்லிய மேல்சட்டை.

ஹசிந்தோவின் ரேடியோ பள்ளத்தாக்கில் எடுக்கவில்லை. யாராவது மேலே போக வேண்டும். தானே போவதாக நிபால்தோ சொன்னான். ஆனால் அந்த எஞ்சினை அவனைத் தவிர யாராலும் ஓட்ட முடியாது. பழைய லாரியிலிருந்து பிடுங்கியது அது. நெம்புகோலைத் தானாகப் பிடித்து வைக்கும் விசை போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பிடி தளர்ந்தால் அணைந்துவிடும், முறையாக நிறுத்தினால் உடனே கிளம்பும், இப்படித் திணறி அணைந்தால் மறுபடி உயிர் வர ஒரு மணி நேரம் ஆகும். ஒரு தடவை நான் பிடித்து அணைத்திருக்கிறேன். ஆக, போக வேண்டியது யார் என்பதில் பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு ஸ்கீ ஓட்டத் தெரியாது. அடிபட்டவர்களை இறக்க எங்களிடம் ஓர் ஆரஞ்சு நிறச் சறுக்குவண்டி இருக்கிறது, படகு என்போம். நிபால்தோ அந்தப் படகின் கயிற்றை இழுவைக் கட்டையில் கட்டினான். நான் உள்ளே உட்கார்ந்தேன். இரண்டு கம்பளி, ஒரு விளக்கு, ரேடியோ, சுடுநீர்க் குடுவை, பனியில் கால் புதையாமல் நடக்கிற அகலப் பனிமிதியடி ஒரு ஜோடி, எல்லாவற்றையும் என் மடியில் போட்டான். மனிதர்களை இறக்கவென்றே இருக்கும் படகில் ஏறிப்போன முதல் ஆள் நான்தான். வேறொரு நாளாக இருந்தால் ஊரே கூடிச் சிரித்திருக்கும். நானே முதலில் சிரித்திருப்பேன்.

"பயமா இருக்கா?" என்றான்.

"வாய மூடிக்கிட்டு நெம்புகோலப் பிடி."

படகு நகர்ந்தது. வடத்தைத் தாங்கும் ஒவ்வொரு தூணையும் கடக்கும்போது வடம் ஒரு சத்தம் போடும். பதினெட்டு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கீழிருந்து கேட்டு எண்ணியிருக்கிறேன். மொத்தம் பதினொன்று. இப்போது அது என் தலைக்கு மேலே கேட்டது. மேகத்துக்குள் போனதும் கை நீட்டினால் கை தெரியவில்லை. பெவென் மரங்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்திலிருந்து வெளியே வந்தன, குடை விரித்து, பனி சுமந்து, ஒரு சத்தமும் இல்லாமல். அவற்றின் கொட்டையை நான் வாரம் தவறாமல் அவிக்கிறேன், அவற்றின் விறகில் சமைக்கிறேன். ஆனால் அன்று அவை எனக்குத் தெரியாத பெரிய மனிதர்களாக நின்றன. ஒவ்வொன்றையும் கடக்கும்போது என்னையறியாமல் தலை குனிந்தேன்.

ஏழாவது தூணில் மரங்கள் முடிந்தன. அதற்கு மேல் சொந்தக்காரர் வீடு. நான் வழிபாட்டில் ரொம்ப அக்கறை உள்ளவள் இல்லை. குடுவையைத் திறந்து கொஞ்சம் சுடுநீரைப் பனியில் ஊற்றினேன். கையில் வேறு ஒன்றும் இல்லை. அவனைக் கொடுத்துவிடு என்று கேட்டேன். தப்பு என்னுடையது, அவனுடையது இல்லை, அவன் வில்லையைச் சரியாகத்தான் திருப்பினான் என்று சொன்னேன். சொல்லும்போது பல் கிட்டிக்கொண்டது.

ஒன்பதாவது தூணில் சாம்பல் வெளுத்தது. பத்தாவதில் மஞ்சளாகியது. பதினொன்றாவதில் மேகம் கீழே போய்விட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு வெளிச்சம். ரேடியோவில் நிறுத்து என்றேன், வடம் நின்றது. படகிலிருந்து இறங்கி, பனிமிதியடியைக் கட்டும் வரைக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் எங்கே போகிறேன் என்பதை மறந்துவிடுவேன் என்று ஏதோ ஒன்று சொன்னது. பனியை மட்டும் பார்த்தேன். ஸ்கீ போனால் இரண்டு கோடு விழும், ஸ்னோபோர்டு போனால் ஒரே அகலக் கோடு. கோடு எல்லாம் வலது பக்கம், பாதையோடு இறங்கின. ஒன்றே ஒன்று இடது பக்கம் முகட்டை நோக்கிப் போயிருந்தது. ஒற்றைக் கோடு.

படகை இழுத்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தேன். இருநூறு அடி இருக்கும். மூச்சு நெஞ்சில் குத்தியது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். என் குரல் எங்கேயும் மோதித் திரும்பவில்லை, அப்படியே போய்விட்டது. அந்த நிமிஷம் பட்ட பயத்தை நான் வாழ்க்கையில் வேறெப்போதும் பட்டதில்லை. பிள்ளை பெறும்போதுகூட இல்லை.

ஒரு கரும்பாறைக்கு இந்தப் பக்கம் கோடு முடிந்தது. அங்கே பனி கலைந்து கிடந்தது. பாறையைச் சுற்றி வந்தேன். அவன் உட்கார்ந்திருந்தான். ஸ்னோபோர்டு பக்கத்தில் குத்திட்டு நின்றது. ஒரு கால் நீட்டியிருந்தது, முழங்கால் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. எனக்கு முதுகு காட்டி, அசையாமல் இருந்தான். செத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"ஃபெர்மின்."

திரும்பினான். உதடு நீலம். புருவத்தில் பனி. ஆனால் முகம், அந்த வங்கி மேலாளர் சூப்போடு நின்ற அதே முகம்.

"வந்துட்டீங்களா அத்தை," என்றான். பிறகு, கோயிலுக்குள் பேசுகிற குரலில், "அங்க பாருங்க," என்றான்.

பார்த்தேன்.

கீழே பூமி இல்லை. எங்கள் ஊர், பள்ளத்தாக்கு, சாலை, ஆஸ்பத்திரி, சந்தியாகோ, எதுவும் இல்லை. மேகம் ஒரே கடலாகக் கிடந்தது, அலை உட்பட. அதில் எரிமலைகள் தீவுகளாக நின்றன. எனக்குப் பேர் தெரிந்தவை ஆறு. எண்ணினேன், பதினான்கு வரை எண்ணி விட்டுவிட்டேன். எல்லாம் ரோஜா நிறத்தில் இருந்தன. எங்களுக்குப் பின்னால் சூரியன் விழுந்துகொண்டிருந்தது. முன்னால், கிழக்கே, மேகத்தின்மேல் ஒரு நிழல் படுத்திருந்தது. முதலில் அது என்னவென்று புரியவில்லை. ஒரு பெரிய முக்கோணம், ஓரம் கத்தி போல் நேராக, அர்ஜென்டினாவரை நீண்டு. அது பிலாங்கோவின் நிழல். நாங்கள் நின்றிருந்த மலையின் நிழல். அதன் நுனி கண் முன்னாலேயே வளர்ந்தது. அந்த நுனிக்குக் கொஞ்சம் கீழே எங்கேயோ நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், கண்ணுக்குத் தெரியாத அளவில்.

பனியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். வெட்கப்படவில்லை. எனக்கு வந்தது ஆனந்தமா துக்கமா என்று கேட்டால் தெரியாது, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. இத்தனை வருஷம் நான் மேலே அனுப்பியவர்கள் எல்லோரும் இதைத்தான் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் ஊமையாக நின்றார்கள். நான் அவர்களிடம் மிளகாய்ப் பொடி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஜன்னலில் நிற்கிற மலையை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கை தானாக வேலை செய்தது. கம்பளியைச் சுற்றினேன். சுடுநீர் கொடுத்தேன். அவன் விரலை என் அக்குளில் வைத்துக்கொண்டேன். வலியில் அவன் முனகினான். உயிர் இருக்கிற வலி. எனக்கு நிம்மதியாக இருந்தது. ரேடியோவில் நிபால்தோவிடம் ஆள் கிடைத்தான், உயிரோடு இருக்கிறான் என்றேன். ஹசிந்தோ வந்ததும் உனக்கு எதிரே அனுப்புகிறேன், வடத் தூண்களை விடாமல் பார்த்துக்கொண்டு இறங்கு என்றான். மூக்கைச் சிந்துவது கேட்டது.

ஃபெர்மினுக்குப் பேச்சு மெல்லத் திரும்பியது. முகட்டிலிருந்து எரிமலை வாயைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தானாம், பாறையில் விழுந்தானாம். எஞ்சின் சத்தம் நின்றபோது தன்னைத் தேடத்தான் ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தானாம்.

"பலகையில ஒரு சிவப்பு இருந்தா எஞ்சின நிறுத்த மாட்டீங்கன்னு காலைல சொன்னீங்கல்ல? அது ஞாபகம் வந்துச்சு. பதினாலு செவப்பா இருக்கு, அத்தை பாத்துருவாங்கன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அதனாலதான் பயப்படல," என்றான். பட்டியலில் எங்கள் மலைக்கு என்ன எழுதுவது என்று முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னான். இங்கே ஒவ்வோர் ஆளையும் எண்ணிப் பார்க்கிறார்கள் என்று எழுதுவானாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பலகையைத் திருப்பியது எனக்கும் நிபால்தோவுக்கும் மட்டும்தான் தெரியும், நிபால்தோ சாகும்வரை வாய் திறக்க மாட்டான். உண்மை வெளியே போனால் மாகாணத்திலிருந்து ஆள் வருவார்கள். எங்கள் கிளப்புக்குப் பூட்டுப் போட இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். முந்நூறு பேருக்கும் பனி இருக்கிற நாலு மாதம்தான் பிழைப்பு. இவ்வளவும் எனக்கு ஒரே மூச்சில் தோன்றியது. ஆனால் எதிரே அந்த நிழல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. என் வாய் எத்தனையோ சொல்லியிருக்கிறது, அந்தப் பொய் மட்டும் வரவில்லை.

"செவப்பு இல்லப்பா. வெள்ளையா இருந்துச்சு."

அவனுக்குப் புரியவில்லை.

"உன் ஸ்கீ தாங்கில நின்னுச்சு. லாரி போயிருச்சு. நீயும் போயிட்டேன்னு நெனச்சு நான்தான் திருப்பினேன். எஞ்சின நிறுத்தச் சொன்னதும் நான்தான். நிறுத்திட்டு உக்காந்து மாத்தே குடிச்சேன்."

அவன் கையை என் அக்குளிலிருந்து எடுத்துக்கொண்டான். வேகமாக எடுக்கவில்லை. எடுத்துக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டான்.

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"கூட்டும்போது உன் ஷூ துடப்பத்துல பட்டுச்சு."

"கூட்டலன்னா?"

"காலைல வந்திருப்போம்."

"காலைல நான் இருந்திருப்பேனா?"

"இருந்திருக்க மாட்டே."

நிழலின் நுனி வானத்தைத் தொட்டது. மலைகள் ஒவ்வொன்றாக ரோஜா நிறத்தை விட்டன. கடைசியாக, தொலைவில் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதுவும் போயிற்று. குளிர் வந்தது என்று சொல்வது சரியில்லை, வெளிச்சம் அதுவரை பிடித்து வைத்திருந்த குளிரைக் கைவிட்டது.

"இதை எழுதாம இருக்க என்னால முடியாது அத்தை," என்றான்.

"எழுது. கிளப்புன்னு எழுதாத. ஓர்ஃபெலினான்னு என் பேரை எழுது. அவ கைதான் திருப்புச்சு."

அவனைப் படகில் ஏற்றிக் கட்டினேன். கட்டும்போது ஒரு தடவை கத்தினான், அவ்வளவுதான். இழுவை ஏற்ற மட்டும்தான் செய்யும், இறக்காது. படகு என்னை முந்திக்கொண்டு ஓடாமல் கயிற்றை இடுப்பில் சுற்றி, படகை முன்னால் விட்டு, நான் பின்னால் சாய்ந்து சாய்ந்து இறங்கினேன். பதினொன்றாவது தூணைத் தாண்டியதும் மேகம் எங்களை விழுங்கியது. விளக்கை ஏற்றினால் வெள்ளைச் சுவர் தெரிந்தது, அணைத்தால் கறுப்புச் சுவர். கயிறு மட்டும்தான் அவன் இருக்கிறான் என்று சொன்னது. குளிரில் ஆள் தூங்கினால் போச்சு. அதனால் இருபது அடிக்கு ஒரு தடவை நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

அவன் குரலில் கோபம் இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தேன். கோபப்படுகிறவன் தூங்க மாட்டான்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

ஒன்பதாவது தூண். எட்டாவது. என் தொடை நடுங்கியது. இடுப்புக் கயிறு உடுப்பைத் தாண்டி அறுத்தது. எட்டாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே ஒரு சரிவு இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் விழுவார்கள் என்று நிபால்தோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் விழுந்தேன். கால் வாரிவிட்டது, மல்லாந்து கிடந்தேன். வாயெல்லாம் பனி. படகின் பாரம் என்னை இழுத்தது. குதிகாலைப் பனியில் புதைத்து, எப்படியோ நிறுத்தினேன். மூச்சு வரவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தது, கேட்க முடியவில்லை. முதல் தடவையாக அந்த மலை எனக்கு இதமாக இருந்தது. இப்படியே கொஞ்சம் கிடந்தால் என்ன என்று தோன்றியது.

அப்போது கீழே இருட்டிலிருந்து அவன் குரல் வந்தது.

"அத்தை, நீங்க இருக்கீங்களா?"

பதினெட்டு வருஷம் ஆயிரக்கணக்கான ஆட்களை எண்ணியிருக்கிறேன். அந்தப் பலகையில் எனக்கென்று ஓர் ஆணி இருந்ததில்லை. மலையில் நான் இருக்கிறேனா என்று யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. கேட்டது இவன், எவன் வில்லையை நான் வெள்ளையாகத் திருப்பினேனோ அவன்.

"அத்தை. பதில் சொல்லுங்க."

வாயிலிருந்த பனியைத் துப்பினேன். கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றேன்.

"இருக்கேன்டா," என்றேன்.

"சரி. மெதுவா வாங்க. நான் கேட்டுக்கிட்டே வரேன்," என்றான்.

ஹசிந்தோவின் விளக்கு நாலாவது தூணருகே எதிரே வரும்வரை அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.